துணியா, பம்பர்ஸா? திருகோணமலை வெயிலில் நாப்பிப் புண் வராமலிருக்க எது தோது

பங்குனி கழிந்து வெயில் ஏறத் தொடங்கினால் திருகோணமலையில் கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் ஒரே பேச்சுத்தான். கழுத்தில் வேர்க்குரு, அரையில் சிவப்பு. "பம்பர்ஸைப் போட்டுப் போட்டே பிள்ளைக்கு அவிஞ்சு போச்சு" என்பார் அம்மம்மா. "நாள் முழுக்கத் துணி தோய்ச்சுக்கொண்டு இருந்தா நான் எப்ப நித்திரை கொள்றது" என்பார் தாய். பக்கத்து வீட்டு அக்கா பவுடர் போடச் சொல்வார். பார்மசிக்குப் போனால் கேட்காமலே ஒரு டியூப் எடுத்துத் தருவார்கள்.

இந்தப் பேச்சில் அடிபடுகிற ஒவ்வொன்றையும் எடுத்து, எது எப்போது நல்லது என்று பார்ப்போம். என் தங்கையின் மகள் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் துணியும் பம்பர்ஸும் இரண்டும் பாவனையில் இருக்கின்றன. அந்த அனுபவத்தோடு, குழந்தை மருத்துவர்கள் பொதுவாக ஒத்துக்கொள்கிற விஷயங்களையும் சேர்த்து எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நனைந்தது எவ்வளவு நேரம் பிள்ளையின் தோலில் கிடந்தது என்பதுதான் பெரிய கேள்வி. துணியா பம்பர்ஸா என்பது அதற்குப் பிறகு வருவது. உங்கள் வீட்டில் எது அந்த நேரத்தைக் குறைக்கிறதோ, அதுதான் உங்களுக்குத் தோது.

தோல் ஏன் அவிகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் லேசாக விளங்கும். ஈரத்திலேயே ஊறிக் கிடக்கும் தோல் இளகி, துணியோ பம்பர்ஸோ உரசும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் உரியத் தொடங்குகிறது. சலம் மட்டும் என்றால் அந்த அளவோடு நிற்கும். கக்காவும் சேர்ந்தால்தான் வில்லங்கம். மலத்தில் இருக்கிற பக்டீரியாக்கள் சலத்திலுள்ள யூரியாவை உடைத்து அமோனியா ஆக்குகின்றன. நல்ல தோல் எப்போதும் கொஞ்சம் அமிலத்தன்மையோடு இருக்கும், ஏறத்தாழ பி.எச். 5.5. அமோனியா அந்த அமிலத்தைப் போக்கிவிடும். அது போனவுடன், மலத்தோடு வெளியே வருகிற செரிமான நொதியங்கள் சுறுசுறுப்பாகி, சாப்பாட்டைக் கரைப்பது போலத் தோலையும் கரைக்கப் பார்க்கின்றன. வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு அன்று பின்னேரமே அடிப்பக்கம் சிவந்துவிடுவது இதனால்தான்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளையின் மலத்தில் அமிலத்தன்மை கூட, நொதியங்களின் வேகம் குறைவு. அதனால் அந்தப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவாகவே வரும். ஆறு மாதத்தில் சோறு, மரக்கறி, பருப்பு என்று கொடுக்கத் தொடங்கியதும் மலம் மாறும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதம் வரைதான் நாப்பிப் புண் அதிகம் வருகிற காலம். "இவ்வளவு நாளும் இல்லாமல் இப்ப ஏன் வருது" என்று கேட்கிற தாய்மாருக்குப் பெரும்பாலும் பதில் இதுதான்.

ஆகவே ஒரு விதியை முதலில் மனதில் வையுங்கள். சலம் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். கக்கா என்றால் அந்த நிமிஷமே மாற்ற வேண்டும், பிள்ளை நித்திரையாக இருந்தாலும் சரி.

துணி நாப்பி

பழைய நூல் சேலை, வேட்டி, மெதுவான சாரம் எதையும் சதுரமாக வெட்டிக் கட்டலாம். கடையில் விற்கிற பருத்தி நாப்பியும் நல்லதுதான். காற்றுப் போகும், சூடு தங்காது. காசும் பெரிதாகச் செலவில்லை. இன்னொரு நன்மை, பிள்ளை நனைத்தது உடனே எல்லாருக்கும் தெரிந்துவிடும். மடியில் வைத்திருக்கிறவர் முதலில் அறிவார்.

ஆனால் துணிக்கு ஈரத்தை ஒளித்து வைக்கத் தெரியாது. உறிஞ்சியதை அப்படியே தோலோடு ஒட்டி வைத்திருக்கும். பிறந்த புதிதில் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு இருபது தடவைக்கு மேலும் சலம் போகலாம். அத்தனை தடவையும் மாற்ற ஆள் இருந்தால் துணியை வெல்ல ஒன்றுமில்லை. ஆள் இல்லாமல் அரை மணி, ஒரு மணி என்று நனைந்த துணியோடு கிடந்தால், அது பம்பர்ஸைவிட மோசம். துணிக்கு மேலே பிளாஸ்டிக் ஜட்டி போடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. பாய் நனையாது, உண்மைதான். ஆனால் ஈரமும் சூடும் உள்ளே அடைபட்டுப் பிள்ளையை அவித்துவிடும். இருக்கிற தெரிவுகளில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது அதுதான்.

துணியில் எங்கள் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கடற்கரையை அண்டிய பகுதிகளில் பல கிணறுகளின் தண்ணீர் உவர். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்காததால் இன்னும் கொஞ்சம் போடுவோம். அது பிறகு லேசில் போகாது. கழுவி முடிந்தது என்று நினைக்கும்போது கடைசி வாளியில் துணியை அமுக்கிப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் பால் நிறத்தில் கலங்கினாலோ, விரல் இடுக்கில் வழுவழுப்பு இருந்தாலோ சவர்க்காரம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வெயிலில் காய்ந்ததும் அந்தத் துணி மட்டை மாதிரி விறைத்து நிற்கும். அந்த விறைப்பு பிள்ளையின் தொடையிடுக்கில் உரசும், சலம் பட்டதும் உள்ளே இருக்கிற சவர்க்காரமும் கரைந்து தோலில் படும். இதற்கு வழி, கடைசி இரண்டு அலசலையாவது குழாய்த் தண்ணீரில் செய்வது, சவர்க்காரத்தைக் குறைப்பது. டெட்டோல் விட்டு ஊறவைக்கிற பழக்கம் இருந்தால், அதற்குப் பிறகும் நன்றாக அலச வேண்டும். துணியை மெதுவாக்க வாசனைத் திரவம் போடவே வேண்டாம். அது துணியின் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும், வாசனை தோலுக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம்.

கக்கா பட்ட துணியை முதலில் தனியாக அலசி மலத்தைப் போக்கி, பிறகு சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தோய்த்து, வெயிலில் காயப்போடுங்கள். சித்திரை தொடக்கம் ஆவணி வரை இங்கே வெயிலுக்குக் குறைவில்லை. காலையில் கொடியில் போட்டது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். மாரியில்தான் கணக்குத் தப்பும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகீழ் பருவமழை பிடித்தால் வீட்டுக்குள்ளே கயிறு கட்டி, மின்விசிறி போட்டும் துணி முழுதாகக் காயாது. அரை ஈரத்தோடு எடுத்துக் கட்டினால் பிள்ளை நனைக்கும் முன்பே நாங்கள் நனைத்துவிட்டோம் என்று பொருள். இஸ்திரி போட்டு உலர்த்தலாம். இருபத்தைந்து முப்பது துணிக்கு அதைச் செய்வது யாருக்கு முடியும்?

பம்பர்ஸ்

எந்தக் கம்பனியின் பெட்டியாக இருந்தாலும் எங்கள் வாயில் அது பம்பர்ஸ்தான். 1961இல் அமெரிக்காவில் அந்தப் பெயரில் சந்தைக்கு வந்தபோது உள்ளே வெறும் கடதாசிப் பஞ்சுதான் இருந்தது. 1980களில் உறிஞ்சும் ஜெல் சேர்ந்த பிறகுதான் நிலைமை மாறியது. சோடியம் பொலிஅக்ரிலேட் என்ற அந்தப் பொருள், தன் எடையைப்போலப் பல மடங்கு சலத்தைப் பிடித்துக் கட்டியாக்கி வைத்துக்கொள்கிறது. அமுக்கினாலும் எளிதில் திரும்பக் கசியாது. தோல் உலர்வாக இருக்கும், மலமும் சலமும் கலப்பதும் குறையும். தோல் மருத்துவர்கள் பொதுவாகப் பம்பர்ஸ் பக்கம் சாய்வதற்கு இதுதான் காரணம். ஆனாலும் துணியையும் பம்பர்ஸையும் நேருக்கு நேர் வைத்துச் செய்த நல்ல தரமான ஆய்வுகள் அதிகம் இல்லை. ஒன்றுதான் நல்லது, மற்றது கெட்டது என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்ப வேண்டியதில்லை.

அப்படியானால் அம்மம்மா சொல்வது பிழையா? முழுக்கப் பிழையில்லை. பம்பர்ஸின் நல்ல குணமே அதன் கெட்ட குணமும். மேலே தொட்டால் உலர்வாக இருக்கும், அதனால் மாற்றத் தோன்றாது. விலையை நினைத்து "இன்னும் கொஞ்சம் பிடிக்கும்" என்று விட்டுவிடுவோம். காலையில் போட்டது மத்தியானம் குளிக்க வார்க்கும்போதுதான் கழலும். வெளியில் 34, 35 பாகை வெயில் அடிக்கும்போது உள்ளே எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறந்த புதிதில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, பிறகு மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்றினால் பம்பர்ஸ் பாவம் செய்யாது. இடுப்பில் இரண்டு விரல் நுழைகிற அளவு தளர்வாக ஒட்டுங்கள். கழற்றும்போது தொடையில் இலாஸ்டிக் பதிந்த சிவப்புக் கோடு இருந்தால், பெட்டியில் போட்டிருக்கும் நிறைக் கணக்கைப் பார்த்து அடுத்த அளவுக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

காசுக் கணக்கையும் சொல்ல வேண்டும். நாளுக்கு ஆறு என்றால் மாதத்துக்கு 180. நாட்கூலிக் குடும்பத்துக்கு இது விளையாட்டில்லை. அந்தக் குடும்பத்தில்தான் ஒரு பம்பர்ஸ் எட்டு மணித்தியாலம் இடுப்பில் கிடக்கும். குப்பையும் அப்படித்தான். நனைந்த பம்பர்ஸ் எரியாது, புகையும். வளவில் போட்டால் நாய் இழுத்துக் கிழிக்கும். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, இறுக்கிச் சுருட்டி, பையில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுப்பதே வழி.

நிலாவெளிக்கோ உப்புவெளிக்கோ பிள்ளையைக் கடல் பார்க்கக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அலை நனைத்த பம்பர்ஸ் கடல்தண்ணீரையும் உறிஞ்சிப் பாரமாகும். இலாஸ்டிக் ஓரத்தில் மணல் புகும். அந்த மணல் ஒரு மணித்தியாலம் உரசினால் போதும். கரையை விட்டு வந்தவுடன் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, வேறு போடுங்கள்.

ஒன்றும் கட்டாமல் விடுவது

விலையில்லாத தெரிவு, எல்லாவற்றிலும் நல்லதும் இதுதான். ரப்பர் சீட் விரித்து, மேலே ஒரு மடித்த சேலைத் துணி போட்டு, விறாந்தையிலோ அறையிலோ பிள்ளையைக் கிடத்திவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நிமிஷம், நாளில் நாலைந்து தடவை. நேர் வெயில் வேண்டாம், காற்றுப் பட்டால் போதும். பொழுது படுகிற நேரத்தில் நுளம்பு வலைக்குள் விடுங்கள், டெங்கு உள்ள ஊர் இது. எங்கள் வீட்டில் இந்த வேலை அம்மாவுடையது. பேத்தி காலை உதைத்துச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே அவர் அந்த நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

சரி, எதை எடுப்பது? வீட்டில் தாயோடு அம்மம்மாவோ உம்மம்மாவோ இருக்கிறார்கள், வெயில் காலம், தண்ணீர் வசதி உண்டு என்றால் பகலில் துணி, இரவில் பம்பர்ஸ். இரவில் ஐந்தாறு மணித்தியாலம் பிள்ளையும் தாயும் நித்திரை கொள்ளட்டும், அதுவும் தேவைதான். இந்த முறையில் மாதத்துக்கு முப்பது பம்பர்ஸோடு சமாளிக்கலாம். தாய் வேலைக்குப் போய், முழங்கால் நோவுள்ள அப்பம்மா பிள்ளையைப் பார்க்கிறார் என்றால் பகலிலும் பம்பர்ஸ்தான் சரி. நேரத்துக்கு மாற்றுவதற்கு மணிக்கூட்டில் கண் வைத்தால் போதும். மழைக்காலத்தில் துணியை ஒதுக்கிவையுங்கள். இரவு ரயிலில் கொழும்புக்குப் போகும் பயணத்துக்குத் துணி சரிவராது.

புண் வந்துவிட்டால்? திறந்து விடக்கூடிய நேரமெல்லாம் திறந்து விடுங்கள். கட்டியே ஆக வேண்டிய நேரத்தில் ஒரு அளவு பெரிய பம்பர்ஸைத் தளர்வாகப் போட்டு, அடிக்கடி மாற்றுங்கள். புண் வந்தால் பம்பர்ஸை நிறுத்தித் துணிக்கு மாறச் சொல்வது ஊர் வழக்கம். உடனுக்குடன் மாற்ற ஆள் இருந்தால் அதுவும் சரி. இல்லாவிட்டால் நனைந்த துணி புண்ணில் ஒட்டிக் காந்தும்.

எதால் துடைப்பது

இதில் பெரிய விவாதம் தேவையில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொட்டன் பஞ்சும் போதும். வாசனையும் அல்ககோலும் இல்லாத வைப்ஸ் அதற்கு ஈடானதுதான், வெளியில் போகும்போது வசதி. வாசனை வைப்ஸும் பேபி கொலோனும் புண்பட்ட இடத்துக்கு ஆகாது. கொலோனில் அல்ககோல் இருக்கிறது, பிள்ளைக்கு எரியும். சவர்க்காரம் குளிக்க வார்க்கும்போது ஒரு தடவை போதும், ஒவ்வொரு கக்காவுக்கும் போட்டால் தோலின் எண்ணெய்ப்பசை போய்விடும். பெண் பிள்ளைக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். துடைத்த பிறகு மெதுவான துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தொடை மடிப்புக்குள் ஈரம் நிற்கும், அதையும் விரித்து ஒற்ற வேண்டும்.

எதைப் பூசுவது

தேங்காய் எண்ணெயில் தொடங்குவோம், எங்கள் எல்லா வீட்டிலும் இருப்பது அதுதான். நல்ல தோலில் மெல்லிய பூச்சாகப் போட்டால் கெடுதல் இல்லை. ஒட்டிக் காய்ந்த கக்காவை நோகாமல் எடுக்கவும் நல்லது. ஆனால் அது ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழேதான் உறையும். திருகோணமலையில் வருஷம் முழுக்கத் தண்ணியாகவே இருக்கும். பூசிய எண்ணெயைத் துணியோ பம்பர்ஸோ கொஞ்ச நேரத்தில் உறிஞ்சிவிடும். தோலுக்கும் மலத்துக்கும் இடையில் சுவராக நிற்க அதனால் முடியாது.

வாசலின் போன்ற பெற்றோலியம் ஜெலி அப்படியில்லை, எங்கள் வெயிலிலும் தோலிலேயே நிற்கும். மலிவு, வாசனையில்லாததாகவும் கிடைக்கும். இன்னும் சிவக்காத பிள்ளைக்கு, இரவில் கட்டும் முன் மெல்லிய பூச்சாக இது போதும் என்பது என் எண்ணம்.

சிவந்த பிறகு துத்தநாக ஒக்சைட் பூச்சு, அதாவது சிங்க் ஒக்சைட் கிரீம், முன்னுக்கு வருகிறது. கடையில் 10 முதல் 40 சதவீதம் வரை கிடைக்கிறது. வராமல் காக்கக் குறைந்தது போதும், வந்துவிட்டால் கூடியது நல்லது. மெல்லிசாகத் தேய்த்தால் பயனில்லை. தோலின் சிவப்பு வெளியே தெரியாத அளவுக்கு வெள்ளையாக, தடிப்பாகப் பூச வேண்டும். அடுத்த தடவை மாற்றும்போது அந்த வெள்ளையை முழுதாகச் சுரண்டி எடுப்பது பலர் செய்கிற வேலை. வேண்டாம். மேலே படிந்த அழுக்கை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு, எஞ்சிய பூச்சின் மேலேயே திரும்பப் பூசுங்கள். தேய்த்துச் சுரண்டும்போது புதிதாக முளைக்கிற தோலும் சேர்ந்து போய்விடும். துணி கட்டுகிறவர்கள் உள்ளே ஒரு மெல்லிய பழந்துணியை வைத்துக் கட்டலாம். இல்லாவிட்டால் பூச்சு நாப்பியில் படிந்து அது உறிஞ்சாமல் போகும்.

தாய்ப்பாலைப் பூசுவது பழைய வழக்கம். லேசான சிவப்புக்கு அது உதவுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. சிங்க் பூச்சு அதைவிட நன்றாக வேலை செய்ததாகச் சொல்லும் ஆய்வும் உண்டு. கையில் வேறொன்றும் இல்லாத இரவில் பூசிக் காயவிடுங்கள், பிழையில்லை.

பவுடரை நான் முழுதாக மறுக்கிறேன். தட்டும்போது எழும்புகிற தூள் பிள்ளையின் சுவாசப்பைக்குள் போகும். ஈரத்தோடு சேர்ந்தால் மடிப்புகளில் உருண்டு நின்று உரசும். ஜோன்சன் அண்ட் ஜோன்சன் நிறுவனமே டால்க் பேபி பவுடரை 2023இல் உலகம் முழுக்க நிறுத்திச் சோளமாவுக்கு மாறுவதாக 2022இல் அறிவித்தது. சோளமாவும் தூள்தான். போரிக் பவுடரும், கற்பூரம் காய்ச்சிய எண்ணெயும் இவற்றைவிட ஆபத்தானவை. புண்பட்ட தோல் வழியாக உடம்புக்குள் போனால் நஞ்சாகும், கற்பூரம் கைக்குழந்தைக்கு வலிப்பையே கொண்டுவரலாம். பெரியவர்கள் அன்போடு காய்ச்சித் தருவார்கள். மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள்.

பார்மசி டியூப்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பிள்ளைக்கு அரையில் சிவப்பு என்று தகப்பன் போய்ச் சொன்னதும், கடையில் ஒருவர் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு டியூபைக் கொடுத்திருக்கிறார். இரண்டே நாளில் சிவப்பு மறைந்துவிட்டது, வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. திரும்பவும் அதே டியூப். இப்படியே மாதக்கணக்கில் போயிருக்கிறது. கிளினிக்கில் காட்டியபோதுதான் அது என்னவென்று தெரியவந்தது. பங்கஸ் மருந்து, அன்டிபயோட்டிக், அவற்றோடு பலமான ஸ்டீரோய்ட், மூன்றும் கலந்த கிரீம்.

ஸ்டீரோய்ட் சிவப்பை உடனே அடக்கும், அதனால் குணமானது போலத் தெரியும். பிள்ளையின் தொடையிடுக்குத் தோல் மெல்லியது. மேலே பம்பர்ஸ் மூடிக் கட்டுவதால் மருந்து பல மடங்கு உள்ளே இழுபடும். நாட்பட்டால் தோல் மெலிந்து கோடு விழும். பங்கஸ் உள்ளுக்குள் வளரும். இரத்தத்தில் கலந்து, உடம்பு தானாகச் சுரக்கிற ஹோர்மோனையே அடக்கி, முகம் ஊதி வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். நாப்பிப் புண்ணுக்குப் பூசிய கிரீமால் வந்தது அது.

ஆகவே டியூபைத் திருப்பி, சின்ன எழுத்தை வாசியுங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் வாங்காதீர்கள். குளோட்ரிமசோல் என்பது பங்கஸ் மருந்து, குளோபெட்டசோல் என்பது மிகப் பலமான ஸ்டீரோய்ட். அவசரத்தில் வாசித்தால் இரண்டும் ஒன்று போலவே தோன்றும், எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஹைட்ரோகோர்ட்டிசோன் 1 சதவீதம் என்ற மெல்லிய ஸ்டீரோய்டை டொக்டர் சில நாளுக்கு மட்டும் எழுதித் தரலாம். அவர் பிள்ளையைப் பார்த்து, நாள் கணக்குச் சொல்லித் தருகிறார், அது வேறு.

பொறுப்பதா, காட்டுவதா

சாதாரண நாப்பிப் புண் தொடை, பிட்டம், அடிவயிறு என்று நாப்பி உரசுகிற மேடான இடங்களில் சிவக்கும். மடிப்புகளின் உள்ளே தோல் நன்றாகவே இருக்கும். இதற்கு மேலே சொன்ன காற்று, சுத்தம், தடித்த சிங்க் பூச்சு மூன்றும் போதும். இரண்டு மூன்று நாளில் குறைவது தெரியும்.

பங்கஸ் புகுந்தால் படம் மாறும். மடிப்புகளின் உள்ளேயே ஆழ்ந்த சிவப்பு, அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் தனிப் புள்ளிகள். மூன்று நாளுக்கு மேல் ஆறாத புண்ணில் இது வரும். காய்ச்சலுக்கோ இருமலுக்கோ அன்டிபயோட்டிக் குடித்த பிள்ளைக்கும் வரும். நாக்கிலும் கன்னத்தின் உள்ளேயும் துடைத்தாலும் போகாத வெள்ளை இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் சேர்ந்து வருவதுண்டு. இதற்குச் சிங்க் மட்டும் போதாது, நிஸ்டற்றின் அல்லது குளோட்ரிமசோல் வேண்டும். அதை முதலில் மெல்லிசாகப் பூசி, அதற்கு மேல் சிங்க் பூசுவது ஒழுங்கு. சிவப்புப் போனவுடன் நிறுத்தாமல் டொக்டர் சொன்ன நாள் வரை பூசுங்கள்.

சில அடையாளங்கள் கண்டால் வீட்டு வைத்தியத்தோடு இருக்க வேண்டாம். காய்ச்சல், சீழ், நீர்க்கொப்புளம், தேன் நிறப் பொருக்கு, இரத்தம் கசிதல், பால் குடிக்க மறுத்தல் எதுவானாலும் அன்றே காட்டுங்கள். பிறந்து ஆறு கிழமைக்குள் வந்த புண்ணும் அப்படித்தான். மலவாசலைச் சுற்றி மட்டும் வட்டமாகக் கடும் சிவப்பு என்றால் அது பக்டீரியாத் தொற்றாக இருக்கலாம், குடிக்கிற மருந்து தேவைப்படும். வாயைச் சுற்றியும் கை கால்களிலும் அதே மாதிரிப் புண், வயிற்றோட்டம், நிறை கூடாமை எல்லாம் சேர்ந்து வந்தால் உடம்பில் துத்தநாகக் குறைபாடா என்று பார்க்க வேண்டியிருக்கும், அதைப் பூச்சால் தீர்க்க முடியாது.

அவசரமில்லாத சந்தேகத்துக்கு, வீட்டுக்கு வருகிற மிட்வைஃப் மிஸ்ஸிடம் நாப்பியைக் கழற்றிக் காட்டிவிடுங்கள். தடுப்பூசி போடப் போகும்போது கிளினிக்கிலும் கேட்கலாம். அதற்கு மேலென்றால் திருகோணமலைப் பொது வைத்தியசாலை, கிண்ணியா, மூதூர் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன, அங்கே காசு கேட்க மாட்டார்கள். போகும்போது வீட்டில் பூசிய டியூப், எண்ணெய்ப் போத்தல், வைப்ஸ் பக்கற் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, கிளினிக் கார்டோடு கொண்டுபோங்கள். அன்று காலை எதையும் பூச வேண்டாம். வெள்ளைப் பூச்சு மூடியிருந்தால் டொக்டருக்குத் தோல் தெரியாது.